தராசு முழுசாகத் தெரிய வேண்டும்

மாரிவிக் வேலையை விட்டு மணிலா போகும்போது
நூற்றுப் பத்து ரியாலுக்குத் தந்துவிட்டுப் போன கேமரா.
வாரில் இன்னும் அவள் பெயர்தான்.
அதை வாசித்துவிட்டு மத்ராவில் யாராவது
“மாரிவிக்” என்று கூப்பிட்டால்
திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

இரவுப் பணி முடிகிற வெள்ளிக்கிழமைகளில்
தூங்காமல் கிளம்புகிறேன்.
ஆகஸ்டில் முதல் பாடத்தைக் காற்று நடத்தும்.
ஏசி டாக்சியை விட்டு இறங்கியதும்
லென்ஸ் வெள்ளையாகப் பூத்துவிடும்,
எங்கள் கண்புரை வார்டின் விழிகளைப் போல.
துடைக்கக் கூடாது. துடைத்தால் மறுபடி பூக்கும்.
இருபது நிமிடம் கடற்சுவரில் உட்கார்ந்து
அதற்கு வியர்த்து முடியும்வரை
நானும் வியர்க்க வேண்டும்.
அந்த இருபது நிமிடத்தில் போன படங்களை
யாரிடமும் சொல்வதில்லை.
தப்பியதன் நீளத்தைக் கைவிரித்துக் காட்டுவது
மீன் பிடிப்பவர்களுக்குத்தான் பொருந்தும்.

வார்டில் ஊசிக்கு முன்னால் சொல்வேன்:
“சுருக்கென்று இருக்கும், கொஞ்சம்தான்.”
அரபியில் ஒரு மாதிரி, உருதுவில் ஒரு மாதிரி,
வங்காளிகளுக்கு முகத்தாலேயே.
கேமரா கைக்கு வந்த முதல் மாதமோ
ஒருவரிடமும் சொல்லாமல்
குத்திக்கொண்டே திரிந்தேன்.

அப்படி ஒருநாள், அபாயா அணிந்த ஒரு பெண்.
பின்புறம்தான். கடலைப் பார்த்தபடி,
கையில் ஒரு கட்டுக் கொத்துமல்லி.
திரும்பி நடந்து வந்தார்.
கோபமில்லை, கையை மட்டும் நீட்டினார்.
அவர் பார்க்க அழித்தேன்.
“இதற்கு முந்தையதும்.”
முந்தையது ஒன்று உண்டென்று எப்படித் தெரிந்ததோ.
அழித்தேன்.
பிறகு அவரே தள்ளித் தள்ளிப் பார்த்து
ஒரு கடற்புறாவிடம் நிறுத்தி
“ஹில்வா” என்றார்.
அழகு என்று அர்த்தம்; நம் அல்வாவுக்கு அக்கா முறை.
பதற்றத்தில் அந்தப் புறாவையும் அழித்திருக்கிறேன்.
வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

மீன் சந்தையில் தாத் கரீம், சூரை வெட்டுகிறவர்.
முழங்கை வரை ரத்தம்,
கூரை இடுக்கிலிருந்து ஒரு துண்டு வெயில்,
கத்தி இறங்கப் போகிற நொடி.
இம்முறை கேட்டேன்.
“பொறு” என்றார்.
போய்க் கை கழுவினார். ரப்பர் அங்கியைக் கழற்றினார்.
யாருடையதோ மடிப்புக் கலையாத சட்டை ஒன்று வந்தது.
தாடி வாரி, தொப்பியைச் சரிசெய்து,
அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் நின்றார்.
நான் எடுக்க வந்த படம்
குழாயடியில் தண்ணீரோடு போய்விட்டது.
நின்றவரை எடுத்தேன்.
கேள்விதான் என்னுடையது.
பதில் எப்படி நிற்க வேண்டும் என்று
நான் எப்படிச் சொல்வது?

அடுத்த வெள்ளி, ரூவியில் பிரிண்ட் போட்டு
ஈரம் படாமல் உறையில் கொண்டுபோனேன்.
கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.
நெடுநேரம்.
பக்கத்து மேசைக்காரர்கள் இருவர்
கத்தியோடு வந்து பார்த்தார்கள்.
பிறகு வலது ஓரத்தில் விரலை வைத்தார்.
“தராசு பாதிதான் இருக்கிறது.”

புதுத் தராசு. துபாயிலிருந்து தருவித்தது.
இன்னும் இரண்டு தவணை பாக்கி.
அது அங்கே இருந்ததையே நான் பார்க்கவில்லை.
அமுக்குமுன் நாலு மூலையையும் பார் என்று
நாலு பேருக்குச் சொன்னவள்தான் நான்.

மறுபடி எடுத்தோம்.
தராசு முழுசாக, தட்டைத் துடைத்து,
பூஜ்யம் சிவப்பாக எரிய.
அதற்காகக் குனிந்ததில்
அவர் தொப்பியின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டது.
அது பரவாயில்லையாம்.

இப்போது அந்தப் படம்
தராசுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.
வாங்க வருகிறவர்களிடம்
பளபளக்கும் தட்டைச் சுட்டிக் காட்டுகிறார்.
அதில் கோணலாக, வளைந்து,
முகமே கேமராவாக ஒருத்தி.
“மாரிவிக்” என்கிறார்.

அரைக் கிலோ சூரை நிறுத்துக் கட்டித் தந்தார்.
காசு சரியாக வாங்கிக்கொண்டார்.