நான்கு பலகை

ஐடஹோவில், போன வருஷம் வரை
பீட்ரூட் விளைந்த நிலம்.
இப்போது நூற்றுப்பத்து வீடு, ஒரே வாசல்.
வரைந்தது நான்தான்.
தெரு நுனியிலெல்லாம் ஒரு வட்டம்,
வந்த வழியே திரும்பு என்று.
முட்டுச்சந்து என்று யாரும் எழுதவில்லை;
விளம்பரத்தில் ‘அமைதியான வளைவு’.

லொரெட்டா இபாரா வீட்டுப் பின்வேலிக்கு
அந்தப் பக்கம் பள்ளிப் பேருந்து நிற்கும்.
மகன் காலுக்கு நாற்பது அடி.
காருக்கு இரண்டரை மைல்,
நெடுஞ்சாலையில் இரண்டு சிக்னல்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறாள்
தினமும் ஏழு பத்துக்கு.

நவம்பரில் வேலியில் நான்கு பலகை காணோம்.
சங்கம் கடிதம் போட்டது,
புதுசு வைத்து முடுக்கிவிட்டுப் போனது.
டிசம்பரில் மறுபடி காணோம்.
அந்தப் பக்கத்து வெர்ல் ஹாட்ச்கிஸைக் கேட்டால்
காற்று என்கிறார்.
காற்றுக்குத் திருப்புளி பிடிக்கத் தெரியும் போல.
எட்டுத் திருகாணியும்
வேலியடியில், காபி டப்பாவில், பத்திரமாக.

நேற்று ஆய்வுக்குப் போனேன். பனி விட்டிருந்தது.
இடைவெளி வழியே சின்னக் காலடி,
பெரிய காலடி, ஒரு நாய்,
அப்புறம் தள்ளுவண்டியின் இரட்டைக் கோடு:
என் வரைபடத்தில் இல்லாத தெரு,
நேராக.

‘விதிமீறல்’ கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
அகலம் இரண்டடி சொச்சம்
என்று மட்டும் எழுதினேன்.