கடுப்பு

பூன் லே கிளினிக். முப்பத்தேழாம் எண்.
வைரக்கண்ணு, கப்பல் பட்டறை.
"ரெண்டு நாளா ஒரே கடுப்பு" என்றார்,
என்னைப் பார்க்காமல், மேசை விளிம்பிடம்.

யார் மேல் என்று கேட்டேன்.

எனக்குத் தெரிந்த கடுப்பு
எம்ஆர்டி நின்றுபோனால் வருவது,
மேலாளர் இன்னொரு முறை 'ஏன்' என்றால் வருவது,
தங்கைக்கு வாட்ஸ்அப்பில் நாளைக்கு நாலு தடவை போவது.
டாக்டர் ஓங்கிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்:
ஆள் எரிச்சலில் இருக்கிறார், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்.
டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வைரக்கண்ணு குரலைத் தாழ்த்தினார்.
"நீர்க்கடுப்புங்க.
தண்ணி குடிச்சா எறங்கி வரணும், எட்டு மாடி ஏணி.
அதான் குடிக்கிறதில்ல."

பத்து வருடம் பள்ளியில் தமிழ் படித்தவள்.
தேள் கொட்டினால் கடுக்கும் என்று
தேர்வில் எழுதி
தேர்வுத்தாளோடு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.
கோபத்துக்குக் குடிவருமுன்
அந்தச் சொல் உடம்பில்தான் இருந்திருக்கிறது,
சிலருக்கு இன்னும் அங்கேயே.

திரையில் தட்டியதை அழித்தேன்.
"மன்னிச்சிருங்க அண்ணே" என்றதற்கு
எதற்கென்று புரியாமல் சிரித்தார்.

மாலையில் ரயில் தாமதம்.
தங்கைக்கு 'க' என்று தட்டியதுமே
கைப்பேசி மீதியை நீட்டியது.
தொடவில்லை.
நின்று நின்று
கால் கடுத்தது.