மூச்சு விடலாம்

வாரத்தில் ஆறு நாள் நான் சொல்வது ஒன்றுதான்:
மூச்சை இழுத்துப் பிடிங்க.
அசையாதீங்க.
கீழக்கரையில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் நின்று
பதினெட்டு வருஷமாய்ச் சொல்கிறேன்.
சொன்னபடி நின்ற விலா எலும்புகள்
கறுப்பில் வெள்ளையாய் விழும்.
அசைந்தவர்களுக்கு இன்னொரு ஃபிலிம், இன்னொரு திட்டு.

ஏழாவது நாள்
களிமண்குண்டு மணலில் உட்கார்ந்து
அசைகிறவர்களை வரையப் பழகுகிறேன்.

காகிதம், யாரும் வந்து வாங்காத எக்ஸ்ரேக்களின் பழுப்பு உறை,
பிரித்து மடிப்பு நீவியது.
கரி, உத்தரகோசமங்கை போகும் வழியில்
சாத்தையாவின் மூட்டத்தடியில் கிடைப்பது.
டன் கணக்கில் லாரி ஏற்றுகிறவர்
விரல் தடிமன் சுள்ளிகளை நான் பொறுக்குவதைப் பார்த்து
"வீட்ல கேஸ் தீந்துபோச்சாம்மா?" என்றார்.
படம் போட என்றேன்.
காசு வாங்கவில்லை. இரக்கப்பட்டிருக்கலாம்.

சீமைக்கருவேலம்
முள்ளெல்லாம் எரிந்தபின் இவ்வளவு மிருதுவாயிருக்கும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

சனிக்கிழமை வகுப்பில் எஸ்தர் சொன்னாள்
(என் சர்வீஸைவிட அவளுக்கு நாலு வயதுதான் கூட):
மூக்கை வரையாதீங்க, விரலை எண்ணாதீங்க,
உடம்பு எங்கே போகுதுன்னு மட்டும் பிடிங்க.
முப்பது விநாடி.
கோடு தோளிலிருந்து வரணும்.

தோள் எனக்குத் தெரியும்.
காறையெலும்பு, தோள்பட்டை, பந்துக்கிண்ண மூட்டு,
எவ்வளவு சாய்த்து நிறுத்தினால் எது தெரியும் என்பது வரை.
அதுதான் தொல்லை.
கரைவலை இழுக்கும் பன்னிரண்டு பேரை
முதல் மூன்று ஞாயிறும்
பன்னிரண்டு எலும்புக்கூடுகளாய்க் கயிற்றில் தொங்கவிட்டேன்.
துணி காயப்போட்ட மாதிரி இருந்தது.

கச்சான் காற்று கரித்தூளைக் கண்ணில் அடித்தது.
அழிப்பதற்கு வைத்திருந்த பன்னைக்
காக்கை தூக்கிப் போனது.
அதன் பிறகு அழிப்பதில்லை,
தப்பின் மேலேயே அடுத்த கோடு.

நாலாவது ஞாயிறு மடி கனத்தது.
கயிறு சட்டென்று இறுகி
வரிசை மொத்தமும் பின்னால் சாய்ந்தபோது
ஆள் ஆளாய் நான் பார்க்கவில்லை.
குதிகாலில் தொடங்கிப் பிடரி ஏறிக்
கை வழியாய்க் கடலுக்குள் போகும் ஒரே வளைவு.
கரியைப் படுக்கப்போட்டு இழுத்தேன்.
ஒடிந்தது.
ஒடிந்த துண்டால் இன்னொரு இழுப்பு.
பெருவிரலால் ஒரு தேய்ப்பு, அது வயிறு.
என் மூச்சு நின்றிருந்ததை
அப்புறம்தான் கவனித்தேன்.

கடைசியில் நின்றவர் இடது தோளை இறக்கி
பாரத்தை வலது பக்கம் வாங்குகிறார்.
முகத்தில் தெரியவில்லை,
கோட்டில் தெரிந்தது:
நம்புவேல், ஐம்பத்திரண்டு, இடது காறையெலும்பு.
ஆறு வாரம் கனம் இழுக்கக் கூடாது என்று
சீட்டில் எழுதியிருந்தது.
இது மூன்றாவது வாரம்.

வலை ஏறியபின் ராக்கு வந்து குனிந்து பார்த்தாள்.
"இதுல எங்க வீட்டாளு எங்கிட்டு?"
கடைசிக் கோட்டைக் காட்டினேன்.
"தலையக் காணோம்."
தலை வரையுறதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சு.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
"அவருதான்" என்றாள்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"ஆசுபத்திரில சொல்லிராதீக."

ஆறு சாளையை எடுத்துக் காகிதத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.
படத்துக்கு விலையா, வாய்க்குப் பூட்டா?
ஈரம் இறங்கி நாலு பேர் கரைந்துபோனார்கள்.
நம்புவேல் மட்டும்
இழுத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை.
நகக்கண்ணில் கரி. டோக்கன் ஒன்று.
இழுத்துப் பிடிங்க என்றேன், பிடித்தார்.
விடலாம் என்றேன்.
விடும்போது தோள் இரண்டும்
ஒரே அளவில் இறங்குவதில்லை.
பதினெட்டு வருஷமாய் அந்த நேரம் பார்த்து
நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.