பன்னிரண்டாவது பெயர்

பங்குனி பிறந்துவிட்டால்
என் டைரியில் முழங்கால்கள் வரத் தொடங்கும்.

தையில் பதின்மூன்று பேர்.
உசிலம்பட்டியில் ஒருவன் கணுக்காலோடு வீட்டுக்குப் போனான்.
செக்கானூரணியில் தவசிக்கு மோதிர விரல்.
விரல்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை,
பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினால் ஆடும்.
பிறகு பேரையூர்.
போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டு சிக்கந்தர் திரும்பும்போது
முருங்கைக் கொப்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.
மைக்கில் அன்னதானம் கொடுத்தவர் பெயர்
ஓடிக்கொண்டே இருந்தது.
எனக்கு மட்டும் கேட்டது.
பதினொரு வருசமாய்க் கோட்டுக்கு வெளியே
நான் குத்தவைத்திருப்பது
அது கேட்டுவிடக் கூடாதென்றுதான்.

பனியனுக்குக் காசு கொடுத்த டைல்ஸ் கடைக்காரர்
போனில் கேட்கிறார்,
"இந்த வருசம் எப்படிப்பா?"
"நல்லாருக்கும்ணே. சிக்கந்தருக்குச் சின்னப் பிடிப்புதான்."
பெரியாஸ்பத்திரி ஸ்கேன்
என் பைக் பெட்டியில் சுருண்டு கிடக்கிறது.
ஒன்பது மாசம் என்றார் டாக்டர்.
"அதுக்குள்ள பிள்ளையே பெத்துரலாமே சார்."
அவர் சிரிக்கவில்லை.
நான் சிரித்துவிட்டு
சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் வந்து
டோக்கனைத் தேடுகிற சாக்கில் நின்றேன்.

கபடி தெரிந்தவர்கள்
கோப்பை யாருக்கு என்று பேசுவார்கள்.
நான் எண்ணுவது
வைகாசி வரைக்கும் யார் நிற்பான் என்று.

நிதர்சன் நிற்கமாட்டான்.
வலது கார்னர், பிடித்தால் உடும்பு.
பகலில் மாட்டுத்தாவணியில் வெங்காய மூட்டை.
தோளைப் பற்றி வாயே திறக்கவில்லை.
ஆனால் டீ கிளாஸை வலது கையில் வாங்கி
உடனே பெஞ்சில் வைத்துவிட்டு
கிளாஸுக்குக் குனிந்து உறிஞ்சுகிறான்.
மூன்று நாளாகப் பார்க்கிறேன்.
கன்றுக்குட்டி மாதிரி இருக்கிறதடா என்று
சொல்ல வாய்வரை வந்தது.

கருமாத்தூர். ராத்திரி பதினொன்றே முக்கால்.
கமிட்டிக்காரர் பேனாவை நீட்டுகிறார்.
பேர் இருக்கிறவனுக்குத்தான் பங்கு, இது எங்கள் அணி வழக்கம்.
ஏழு பேரை எழுதினேன்.
அதில் நிதர்சன் இல்லை.
எனக்குப் பின்னால் நின்று வாசித்தான் என்று தெரியும்,
மூச்சு என் காதில் பட்டது.
மாற்று ஆட்டக்காரர்களில் கடைசிக்கு முன்னால் அவன்.
"பன்னெண்டாவது?"
சிக்கந்தர் என்று எழுதினேன்.
"அந்தக் கட்டுப் போட்ட பையனா?"
"ஆமாண்ணே. டூ ஆர் டைக்கு இறக்குவோம்."
பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டியிருந்தவன்
கையைத் தூக்கிக் காட்டினான்.

வலது கார்னரில் பெத்தணன் நின்றான், பத்தொன்பது வயசு.
அந்தப் பக்கமாகவே பாடி வந்து
ஏழு பாயிண்டு எடுத்தார்கள்.
அரையிறுதி போனது மூன்று பாயிண்டில்.
நிதர்சன் இறங்கியிருந்தால் பிடித்திருப்பான்.
அதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை,
அவனிடம் சொல்லவே மாட்டேன்.

நாலாம் பரிசு எட்டாயிரம்.
வண்டிக்கு ரெண்டு போக
ஆளுக்கு ஐந்நூறு.
டாடா ஏஸில் எவனும் என்னோடு பேசவில்லை.
நாகமலை தாண்டி ஒரு டீக்கடையில்
லைட் எரிந்தது. இறங்கினோம்.
நிதர்சன் என்னைப் பார்க்காமலே வந்து
இடது கையை நீட்டி
கிளாஸை வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மேலூர்.
என்ட்ரி ஐந்நூறு ரூபாய்.
பதினோரு பேரை எழுதிவிட்டு
பேனாவை மூடாமல் வைத்திருக்கிறேன்.