ஏழாம் தடம்

வள்ளியூர் தாண்டி
காற்றாலைகளுக்கு நடுவே ஒரு பொறியியல் கல்லூரி.
ஆனிக் காற்று
பேனரைக் கிழித்து எங்கள் மூன்று முகத்தில்
ஒன்றைக் கொண்டுபோயிருந்தது.
காஜா மைதீனின் முகம். அவன் சிரித்தான்:
'டிரம்ஸுக்குப் பின்னால எப்படியும் தெரியாதுல்லா.'

என் முகம் எந்தப் பேனரிலும் கிடையாது.
மேடையின் இடது ஓரம், கறுப்புத் துணிக்கு அந்தப் பக்கம்
ஒரு மடிக்கணினி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
வயர் மேல் ஒரு செங்கல்.

என் பொறுப்பில் இருப்பவை:
யாரும் வாசிக்காத வயலின்கள்,
அருமைநாயகத்தின் கிட்டார் மேல் இன்னொரு அருமைநாயகம்,
காஜாவின் காதுக்கு மட்டும் கேட்கும் டிக் டிக்,
ஏழாம் தடத்தில்
பலவேசம்.

பலவேசம் மஸ்கட்டில் இருக்கிறான்,
ஏசி கம்பெனியில் ஸ்டோர் கீப்பர்.
போவதற்கு முந்தின வாரம் பெருமாள்புரத்து மாடியறையில்
மெத்தைகளைச் சுவரில் சாய்த்து வைத்து
எட்டுப் பாட்டுக்கும் பின்குரல் பாடிக் கொடுத்தான்.
சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தோம்.
பனியனைக் கழற்றிவிட்டுப் பாடினான்.
அதற்குப் பிறகு தென்காசி, சங்கரன்கோவில், தூத்துக்குடி,
கூப்பிட்ட ஊருக்கெல்லாம் வந்துகொண்டிருக்கிறான்.
'எனக்குப் பங்கு எவ்வளவுல?' என்று
வாய்ஸ் மெசேஜில் கேட்பான்.
அதையும் நான் அழிக்கவில்லை.

எமீமாளின் காலடியில் டேப்லெட்.
ஒரு சமயத்தில் நாலு வரி.
பெடலை மிதித்தால் அடுத்த நாலு.
எல்லாம் அவள் எழுதின பாட்டுதான்.
'எழுதுனவளுக்கு மறக்காதுன்னு எவன் சொன்னான்?' என்பாள்,
'எழுதுனதே மறக்கதுக்குத்தான்.'

ஐந்தாம் பாட்டு, கடைசிச் சரணம்.
பெடலுக்குள் செம்மண் புகுந்துவிட்டது.
திரையின் அடிவரியில்
'இந்தத் தெருவுக்கு இனி நான் வர'
அதோடு பக்கம் முடிகிறது.

மிதிக்கிறாள்.
வர
மறுபடியும் மிதிக்கிறாள்.
வர
நான் இங்கிருந்து தட்டினாலும் நகரவில்லை.
டிராக் நிற்காது,
முன்னால் நிற்பவள் தடுமாறுவது
அதற்குத் தெரியாது.
ஒரு 'வர'வுக்குப் பின்னால் என்னவும் வரலாம்,
வேண்டும் வரலாம், லாமா வரலாம், ட்டுமா வரலாம்.
எதற்கும் போகாமல் அந்த அகரத்தையே பிடித்துக்கொண்டு
மைக்கோடு நின்றாள்.
தலைமுடி வாய்க்குள் பறந்தது.

அப்போது இரண்டு பக்க ஸ்பீக்கரிலும்,
மெத்தைச் சுவர்களுக்குள்ளிருந்து,
தனியாக
பலவேசம் சொன்னான்:
மாட்டேன்.

மூன்று வருஷத்தில் முதல் முறையாக
காஜா ஒரு அடி தவறினான்.

பிள்ளைகள் எழுந்து கத்தினார்கள்.
வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.
சாமான் ஏற்றும்போது
பிரியாணிப் பொட்டலங்களோடு வந்த பையன் கேட்டான்:
'அண்ணே, எல்லாம் லைவா?'
'பாதி.'
'எந்தப் பாதி?'
வேன்காரர் ஹாரன் அடித்தார்.

நாங்குநேரி டோலில் வரிசையில் நிற்கையில்
எமீமாள் திரும்பாமலே சொன்னாள்:
'அந்தச் சொல்ல ஒரே பக்கத்துக்குக் கொண்டு வந்துரு.'
அங்கேயே கொண்டுவந்தேன்.
எழுத்தை ஒரு சுற்றுச் சின்னதாக்க வேண்டியிருந்தது.

வீடியோவைப் பலவேசத்துக்கு அனுப்பியிருந்தேன்.
விடியற்காலம் நாலு மணிக்குப் பதில்:
'ஏல, அது யாரு பாடுதா?
சுருதி கீழ நிக்கு. எடுத்துரு அத.'

ஏழாம் தடத்தைத் திறந்தேன்.
அந்த இடத்தில் ஒரு சின்ன மேடு.
மேட்டுக்கு முன்னால், கோடு லேசாகத் தடித்து,
அவன் இழுத்த மூச்சு.
காதில் மாட்டி நாலைந்து தடவை கேட்டேன்.
சுருதி கீழேதான் நிற்கிறது.

அடுத்தது புளியங்குடி.
சாரல் இருந்தால் மேடைக்குத் தகரம் போடுவதாகச்
சொல்லியிருக்கிறார்கள்.