ஆரஞ்சு ஒட்டு

புதுவயலில், இரண்டு ரைஸ் மில்லுக்கு நடுவில் வீடு.
அந்த இரைச்சலிலும் அசையாமல் தூங்குவாள்.
தொந்தரவில்லாத பிள்ளை என்றார்கள்.
இரண்டு வருஷம் பெருமைப்பட்டேன்.

கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம்
கை தவறிக் குக்கர் மூடி விழுந்தது.
பூனை பாய்ந்தோடியது.
உமையாள்
எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மதுரை. கண்ணாடி அறை.
கோடு சரிந்து சரிந்து இறங்கும் ஒரு தாள்.
டாக்டர் சொன்னதில் பாதி
எனக்கும் கேட்கவில்லை.
மாமியார் குன்றக்குடிக்கு நேர்ந்துகொண்டார்.
இவர் எதுவும் சொல்லவில்லை,
வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில்
பச்சை மெஷின் மாட்டிய ஒரு பையன்
உமையாளின் காதைத் தொட்டுப் பார்த்தான்.
அவன் அம்மா ஜொகரா.
இளையான்குடி பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது,
அதற்குள் கொட்டித் தீர்த்தாள்:
பேட்டரி பதிமூணாம் நம்பர், ஆரஞ்சு ஒட்டு.
ஒட்டைப் பிரிச்சதும் போடாதே, ஒரு நிமிஷம் காத்து படட்டும்.
பிடுங்கி எறிவா. எடுத்து மாட்டு. திரும்ப எறிவா.
முகத்துக்கு நேரா பேசு, வெளிச்சம் உன் மேல விழணும்.
அடையாள அட்டைக்குப் போட்டோ நாலு கொண்டு போ,
ரெண்டு போதும்னு சொல்வாங்க, நம்பாதே.
அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே
நம்பர் எழுதித் தந்து ஓடினாள்.

நேற்று ராத்திரி மில் ஓட ஓட
உமையாள் தூங்கவே இல்லை. ஒரே அழுகை.
பயந்துபோய்ப் போன் அடித்தேன்.
"தூங்கறப்ப மெஷினைக் கழட்டணும்டி, கிறுக்கி."

கழற்றாமல்
கொஞ்ச நேரம்
அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.