இருபத்தேழு குறைவு

ரெஜினா என்றால் களியலில் பெரியம்மாவுக்க பேர்.
அங்கே அது ஊர்.
மைனஸ் முப்பதில் இமைமயிர் ஒட்டிக்கொள்ளும்.
முதியோர் இல்லத்தில் எனக்கு இரவு ஷிப்ட்.
நிரந்தரவாசி என்று ஒரு அட்டை உண்டு,
அதில் என் முகம் சிரிக்காது.
சிரிக்கக் கூடாதாம்.

ஐந்து வருடத்துக்குள்
ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாள்
அந்த மண்ணில் கால் இருக்க வேண்டும்,
பிறகுதான் குடியுரிமை கேட்கலாம்.
அட்டை வருமுன் இருந்த நாட்கள்
ஒன்றுக்கு அரையாகச் சேரும்.
படித்துக்கொண்டே பாத்திரம் கழுவிய
இரண்டு குளிர்காலம்
அப்படி ஒன்றாய்ச் சுருங்கியது.
மீதியை வாழ்ந்தது யார்
என்று கேட்க அங்கே கவுண்டர் இல்லை.

ஆயிரத்து அறுபத்தெட்டில் நிற்கும்போது
டென்சிங் அண்ணன் கூப்பிட்டான்.
"பாகம் பிரிக்கணும். வந்து ஒப்பு போட்டுட்டுப் போ.
நீ வெளிநாட்டுக்காரி ஆயிட்டா, பின்ன
ஒவ்வொரு பேப்பருக்கும் ஓடணும்."

வந்தேன்.
அருமனையில் பத்திரம் எழுதுகிறவர்
தலை நிமிராமல் கேட்டார்:
"நிரந்தர முகவரி?"
நான் வாய் திறக்குமுன்
அண்ணன் வீட்டு நம்பரைச் சொல்லிவிட்டான்.
இன்னும் அரை மணி நேரத்தில்
அந்த வீடு முழுக்க அவனுக்கு.
நானே ஒப்பு போட வந்திருக்கிறேன்.
எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

எனக்கு வந்தது மேற்கே முப்பது சென்ட்,
ஆறு வருடத்து ரப்பர்த் தைகள்.
மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு கூட வந்தான்.
தரையிலிருந்து நாலடி உயரத்தில் சுற்றி
இருபது அங்குலம் வந்தால் வெட்டுக்கு ஆகும்.
"வயசு பாக்கப்பிடாது. வண்ணம் பாக்கணும்."
வண்ணம் என்றால் இங்கே நிறமில்லை, பருமன்.
ஒன்று பதினெட்டரை.
ஒன்று பத்தொன்பது.
பாறைக்குப் பக்கத்தில் ஒன்று பதினாலு.
எல்லாம் ஒரே நாளில் நட்டவை.
பதினாலின் தோலை நகத்தால் கீறினேன்.
பால் வந்தது.
"பாலு எல்லாத்துலயும் உண்டு பிள்ளே,
எடுக்கத்தான் ஆவாது"
என்று சேற்றைக் குழைத்துக் கீறலில் அப்பினான்.

அடுக்களையில் சர்ச் காலண்டர்.
வெட்டிய நாளில் ஒரு கோடு.
ஒன்றுவிட்டு ஒரு நாள் மரத்துக்கு ஓய்வு,
அந்தக் கட்டம் வெறுமை.
வெட்ட வேண்டிய நாளில் வெட்டாவிட்டால்
'மழை' என்று எழுதுவான்.
ஜூன் முழுக்க மழை, மழை, மழை.
ஜனவரி ஒன்பதிலும் மழை.

"ஜனவரியில ஏது மழை?"

அண்ணி பருப்பு கழுவிக்கொண்டே சொன்னாள்:
"அன்னைக்குத்தான் எனக்கு ஆசாரிப்பள்ளத்துல
ஆப்பரேஷன்."

கடைசி இரவு கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தில் கணக்குப் படிவத்தைத் திறந்தேன்.
போன நாடு.
போன தேதி, வந்த தேதி.
அடுத்த கட்டம்: காரணம்.
சொத்து என்று எழுதலாம்.
குடும்பம் என்று எழுதலாம்.
இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கும்.
மழை என்று தட்டினேன்.
கட்டத்துக்குத் தமிழ் தெரியவில்லை,
வெறும் சதுரங்களாகக் காட்டியது.
அழித்தேன்.
குடும்பம் என்றே ஆங்கிலத்தில் போட்டேன்.

பத்தொன்பது நாள் சோறு தின்றேன்.
பெரியம்மாவைப் பார்த்தேன்,
என் ஊர் தன் பேரில் இருப்பதில் அவளுக்குக்
கொஞ்சம் கர்வம்.
இருபத்தேழு
இருபத்தேழாகவே நின்றது.

மூன்று மணிக்கு அண்ணன் எழுந்தான்.
பழக்கத்தில் ஹெட்லைட்டை மாட்டி,
கத்தியை எடுத்து,
திரும்ப வைத்துவிட்டு
என் பெட்டியைத் தூக்கினான்.
இன்று ராத்திரிக்குள் அங்கே இறங்கினால்
இந்த நாள் எனக்கு அங்கே சேரும்.
அவனுக்கு இன்று வெட்டு நாள்.

முற்றத்தில் நிறைய நட்சத்திரம்.
"ஜாக்கெட்ட கையில வச்சுக்க,
ஏர்போர்ட்டுல குளுரும்" என்றான்.
திருவனந்தபுரம் வரைக்கும்
கண்ணாடியைத் துடைக்க வேண்டி வரவில்லை.